மைனர் என்பவர் யார்? – ஒரு சொல்லாய்வு

பட்டு ஜிப்பா, கழுத்தில் தங்கச் சங்கிலி, விரல் நிறைய மோதிரம் என்று மினுக்கித் திரிபவரை 'மைனர்' என்கிறோம். இந்தச் சொல் நம் கோலார் தங்கவயலில்தான் பிறந்தது என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. சுரங்கத் தொழிலாளியை ஆங்கிலத்தில் 'மைனர்' என்பர். சம்பள நாளன்று அவர் பளிச்சென்று உடுத்திக்கொண்டு பங்காருபேட்டைக் கடைத்தெருவுக்கு வருவாராம். அதைப் பார்த்துத்தான் ஷோக்குப் பேர்வழிகள் எல்லாருக்கும் அந்தப் பெயர் வந்ததாம். மாரிகுப்பம் ரயிலில் ஒரு பெரியவர், "தம்பி, தமிழ்நாட்டுக்கே நாம குடுத்த வார்த்தைப்பா இது" என்றார். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏற்க முடியவில்லை.

ஓசை ஒத்துப்போவது மட்டுமே சான்றாகாது. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'பங்காரு' என்றால் பொன். தங்கவயலுக்கு வாசல் என்பதால் வந்த பெயர் என்றே தோன்றும். ஆனால் ஊரின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரை நிர்வகித்த கமிஷனர் லெவின் பௌரிங்கின் பெயர் அது.

'மைனர்' வந்த வழி வேறு. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், சொத்தைக் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஏற்று நடத்தும். சென்னை மாகாணத்தில் 1804-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றவர்க்கு 18 வயதில் உரிமை வரும். இந்த வாரிசுகளுக்கோ 21 வயதில்தான். அதுவரை அவர்கள் 'மைனர்' ஜமீன்தார்கள். சென்னை தேனாம்பேட்டையில் இவர்கள் தங்கிப் படிக்கவே நியூயிங்டன் மாளிகை இருந்தது. வயது வந்து சொத்து கைக்கு வந்த பிறகும் பட்டப்பெயர் போகவில்லை. பிறகு அப்பன் காசில் ஆட்டம் போட்ட பண்ணையார் பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சொல்லின் பொருளும் இதையே காட்டுகிறது. நன்றாக உடுத்துகிறவரை எல்லாம் நாம் மைனர் என்பதில்லை. "பெரிய மைனருன்னு நெனப்பு!" என்னும்போது, 'உழைக்காத காசு' என்ற குத்தல் அதில் இருக்கிறது. அந்தக் குத்தல் நம் தாத்தாக்களுக்குப் பொருந்துமா? வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் வெந்து உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் உடுத்திய நல்ல சட்டை அவர்கள் சம்பாத்தியம். லைன் வீடுகளில் அவர்களை "மைன்ஸ்ல வேலை" என்றுதான் சொன்னோமே தவிர, 'மைனர்' என்று நான் கேட்டதில்லை. மேலும், 1983-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைச் சுரங்க வேலையில் வைக்கக்கூடாது என்றது. சட்டத்தின் 'மைனர்' சுரங்கத்தின் 'மைனர்' ஆக முடியாது!

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல மிஞ்சியது பெருமை ஒன்றுதான். அந்தப் பெருமைக்கு இரவல் சொல் வேண்டாம். 'மைனர் செயின்' போட்டவர் வேறு. அந்தச் செயினுக்குப் பொன் தோண்டியவர் வேறு. எழுத்தில் இருவரும் ஒன்றாகத் தெரியலாம். நாம் பிந்தையவரின் பேரப்பிள்ளைகள்.