கபடி: இளம் ரெய்டருக்கு அவசரப்படாதீர்கள்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் கபடி அணி ஈரானைச் சாய்த்துத் தங்கம் வாங்கியது. அந்த அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் வடுவூர்க்காரர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கும் வடுவூருக்கு வெளியூர்க்காரர்கள் ஏரிப் பறவைகளைப் பார்க்க வருவார்கள். டெல்டாக்காரர்களுக்கு அது கபடி ஊர். அபினேஷுக்கும், பெண்கள் அணியில் தங்கம் வென்ற சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. இனி புரோ கபடி அணிகளின் ஆட்கள் வடுவூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட பையன்களை ஏலம் இல்லாமலே அணிகள் நேரடியாக எடுத்துக்கொள்ள லீக்கில் 'புதிய இளம் வீரர்' என்று ஒரு வகை உண்டு. சம்பளம் லீக் வகுத்த வரம்புக்குள்தான். அணிக்கு இதைவிட மலிவான சரக்கு கிடையாது. எடுப்பதில் சிக்கல் இல்லை, பையன் ஒரு பருவம் அடித்து ஆடிவிட்ட பிறகுதான் தலைவலி. உடனே பெரிய தொகை கொடுத்துக் கட்டிப்போடுவதா, இன்னொரு வருடம் பார்ப்பதா, ஏலத்தில் விட்டு யார் என்ன விலை சொல்கிறார்கள் என்று கவனிப்பதா?

ஆடும் இடத்தைப் பொறுத்து இதற்கு விடை மாறும் என்பது என் கட்சி. ரெய்டர் சீக்கிரம் விளையும் குறுவை, கார்னரில் நிற்பவர் காலம் எடுத்து விளையும் சம்பா. இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டால் நட்டம்தான்.

முதலில் ரெய்டர். தமிழ் தலைவாஸ் கதையே போதும். 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். ஓர் அணிக்கு அப்போது இருந்த மொத்த வரம்பே 4.4 கோடி. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்கால் போனது, பருவம் முடிந்தது. அந்த இடத்தில் இறங்கிய நரேந்தர் யாருக்கும் தெரியாத பையன். முதல் பருவத்திலேயே 243 ரெய்டு புள்ளிகள். 2017 முதல் பிளே-ஆஃப் வாசலை மிதிக்காத அணி அரையிறுதி வரை போய், புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில், 39-37 என்று தோற்றது.

அடுத்த பருவத்தில் நரேந்தரால் அந்த 243ஐ எட்ட முடியவில்லை. அவர் சோம்பேறியாகிவிடவில்லை. முதல் வருடம் புதிய ரெய்டரின் ஓட்டம் யாருக்கும் தெரியாது. எந்தக் காலை முதலில் வைப்பான், போனஸ் கோட்டுக்கு எந்தப் பக்கம் சாய்வான், டச் வாங்கியதும் எந்த வழியாகத் திரும்புவான் என்பதையெல்லாம் இரண்டாவது வருடத்தில் எதிரணிப் பயிற்சியாளர்கள் வீடியோ போட்டுப் பாடம் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே முதல் பருவப் புள்ளிகளை வைத்து ரெய்டருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பது பாதி விடைத்தாளைத் திருத்திவிட்டு மதிப்பெண் போடுகிற வேலை. இரண்டாம் பருவத்தின் நடுவில், அவனைப் படித்துவிட்ட தடுப்பாட்டத்துக்கு எதிராகவும் புள்ளி வருகிறதா என்று பார்த்து நீட்டிக்க வேண்டும். பருவம் முடியும்வரை இழுத்தடிக்கவும் கூடாது, ஏலக் கூடத்தில் அடுத்தவன் விலையை ஏற்றிவிடுவான்.

பாட்னா பைரேட்ஸ் இந்த விஷயத்தில் கில்லாடிகள். 2024 பருவத்தில் அவர்களுக்காக 301 ரெய்டு புள்ளிகள் குவித்தவர் தேவாங்க் தலால். அணியும் இறுதிப் போட்டி வரை போனது. 2025 ஏலத்தில் வங்க அணி 2.205 கோடி என்றதும் பாட்னா கையைக் கட்டிக்கொண்டது. தேவாங்குக்குப் பக்கத்தில் இரண்டாவது ரெய்டராக ஆடிய இளைஞர் அயன் லோசப்பை வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் அயன் 300 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். பாட்னா பிளே-ஆஃப் போனது, வங்கம் போகவில்லை. இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உச்சத்தில் இருப்பவரை விட்டு, ஏறிக்கொண்டிருப்பவரைப் பிடிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

பெரிய தொகையே தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதே ஏலத்தில் தபாங் டெல்லி, அடுத்தவர் சொன்ன 1.90 கோடியைத் தானே ஏற்று ஆஷு மாலிக்கைத் தக்கவைத்தது. பல வருடங்களாக அணியின் முகமாக இருந்த நவீன்குமாரை 1.20 கோடிக்கு ஹரியாணாவிடம் விட்டது. முந்தைய பருவம் ஒன்றில் நவீன் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்தபோது அணியைச் சுமந்தவர் ஆஷு. ஒரு பருவ வெளிச்சத்தை நம்பி அல்ல, இரண்டு பருவம் முழுப் பாரத்தையும் தூக்கிக் காட்டியவருக்குத்தான் டெல்லி பணம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31 அன்று புனேவை 31-28 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அந்த அணிதான்.

தடுப்பாட்டக்காரரின் கணக்கு இதற்கு நேர் எதிர். கார்னர், கவர் இரண்டும் கூட்டு வேலை. பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்பது உடம்பில் ஏற வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி தர்மராஜ் சேரலாதனைப் பாருங்கள். 2016இல் பாட்னாவுக்குத் தலைவராக நின்று கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 41. அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 44 வயதிலும் ஹரியாணாவுக்கு ஆடினார். 41 வயதில் லீக்கைக் கலக்கிய ரெய்டர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆகவே இளம் தடுப்பாளரிடம் கை வலுவும் பொறுமையும் தெரிந்தால், முதல் பருவம் முடிந்ததுமே, புள்ளிகள் குறைவாக இருந்தாலும், நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். விலை குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். நம் தமிழ்நாட்டுத் தடுப்பாளர் அபினேஷ் நடராஜனை இளம் வீரராக எடுத்துப் பருவத்துக்குப் பருவம் வளர்த்த புனே, 2024 மார்ச்சில் கோப்பை வென்றது.

தலைவாஸுக்கு இதில்தான் பொறுமை போதவில்லை. பவனுக்கு 2.26 கோடி, 2024இல் சச்சினுக்கு 2.15 கோடி, 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி என்று மூன்று ஏலங்களில் பெரிய ரெய்டரைத் தேடிப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே அரையிறுதி, பெரிய ரெய்டர் வெளியே உட்கார்ந்திருந்த வருடத்தில் வந்தது. டெல்டாவில் அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஊர் மின்னொளிப் போட்டி நடக்கிறது. அங்கே கால்பிடிக்குப் பேர்போன பையன்களில் நான்கு பேரை எடுத்து நான்கு வருடம் ஒன்றாக நிறுத்தினால் ஒரு நட்சத்திர ரெய்டரின் விலைகூட ஆகாது.

ஹாக்கிக்காரர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அன்று அவரைத் தக்கவைக்க எந்த லீக் அணியும் இல்லை. 2017இல் நின்ற ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. தமிழ்நாடு டிராகன்ஸ் அவரை எடுத்தது. அவருடைய வயதில் கபடி ரெய்டர் ஒருவர் இரண்டு ஒப்பந்தங்களை முடித்திருப்பார்.

கடைசியாக ஒரு வார்த்தை பெற்றோருக்கு. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் அணி வைத்திருக்கின்றன. ஒப்பந்தத் தாள் வீட்டுக்கு வந்ததும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். முழங்கால் போனால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, படிப்புக்கும் வேலைத் தேர்வுக்கும் விடுவார்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.