வழிநூலும் வழிப்பறியும்

உங்கள் வீட்டுப் பூஜை அறையிலோ, பரணில் கிடக்கும் பழைய காலண்டரிலோ ஒரு லட்சுமி படம் இருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'சி.கொண்டைய ராஜு' என்று இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு பெயர், 'டி.எஸ்.சுப்பையா' என்பது போல. ஒரு படத்துக்கு எதற்கு இரண்டு கையெழுத்து?

கொண்டைய ராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் ரமணாசிரமம், பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதும் வேலை. அப்படிச் சுற்றிக் கடைசியில் கோவில்பட்டியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி, அச்சு யந்திரங்களுக்குச் சாமி படம் வேண்டியிருந்தது. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் என்று சிஷ்யர்கள் சேர்ந்தார்கள். வரைவது சிஷ்யர், பாணி குருவுடையது. கையெழுத்தில் குரு முதலில், சிஷ்யர் அடுத்து. வாங்குகிறவருக்கு யார் தூரிகை என்ற கவலை இல்லை. முருகன் சிரித்தால் போதும்.

சரி, குருவுக்கு எங்கிருந்து வந்தது? ரவி வர்மா 1894-ல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டு, தேவிகளுக்குப் புடவை கட்டி வீடு வீடாக அனுப்பியதிலிருந்து. ரவி வர்மாவுக்கு? ஐரோப்பிய எண்ணெய் வண்ணச் சித்திரங்களிலிருந்து. இந்தச் சங்கிலியில் 'நீ திருடன்' என்று எந்தக் கண்ணியைக் காட்டிச் சொல்வீர்கள்?

தமிழில் இதற்கு நல்ல பெயர்கள் உண்டு. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முன்னவரை ஒட்டிப் போய், தன் பங்குக்குக் கொஞ்சம் வேறுபாடும் செய்வது வழிநூல். கம்பராமாயணம் அந்த வகையில்தான் வரும். அதனால் கம்பருக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ('நல்ல கலைஞன் காப்பியடிப்பான், மகா கலைஞன் திருடுவான்' என்று பிகாஸோ பெயரில் சுற்றுகிற வாக்கியத்தை அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. இதுவே ஒரு திருட்டு!)

பத்திரிகை ஓவியர்களுக்கு வருவோம். ஆனந்த விகடனில் மாலியிடம் வந்து சேர்ந்த கும்பகோணம் ஓவியப் பள்ளி மாணவர் கோபாலன். 'கோபுலு' என்று பெயர் வைத்தவரே மாலிதான். ஆரம்பத்தில் அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? திருவையாறு போய், தியாகராஜ சுவாமிகள் பூஜை செய்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து வா! பச்சையான நகல் வேலை. இன்னொரு சிஷ்யர் ஸ்ரீனிவாசனைக் கோயில் சிற்பங்கள் பக்கம் திருப்பிவிட்டு 'சில்பி' ஆக்கினார். ஒரு விரல், ஒரு மணி தவறாமல் கல்லைப் பார்த்து வரைவதிலேயே சில்பி ஒரு மேதை. கோபுலுவோ பார்த்து வரையக் கற்றுக்கொண்டு, பிறகு தானாக வரைந்தார். நாலு கோட்டில் ஒரு மனிதரின் சோம்பலைக் காட்டுகிற கை மாலியிடமிருந்து தொடங்கியது, ஆனால் கோபுலுவுடையது. நகல் எடுப்பது தப்பு என்றிருந்தால் நமக்கு இருவருமே கிடைத்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் 'நியூ டெல்லி' (1956) படம் தன் நாடகத்தின் காப்பி என்று போட்ட வழக்கு 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. இரண்டிலும் பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், காதல். ஆனாலும், கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். இரண்டையும் பார்த்தவருக்கு 'இது அதன் நகல்' என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும் என்று சொல்லி, ஆனந்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. பாணிக்கு யாரும் பட்டா போட முடியாது. சரியான தீர்ப்புதான். இல்லையென்றால் கோவில்பட்டிக்காரர்கள் பாதிப் பேர் கோர்ட் வாசலில் நின்றிருப்பார்கள்.

ஆனால் அந்த நீதிபதிகள் மனத்தில் இருந்தது மனிதர்கள். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் போடும் புதிய வசதி வந்ததும் ஊரே தன் குடும்ப போட்டோவை ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பாணிக்கு மாற்றிக்கொண்டது. மியாசாகி இதை 'உயிருக்கே அவமானம்' என்ற பொருளில் கண்டித்ததாக ஒரு வீடியோ சுற்றியது. அது 2016-ல், வேறொரு கம்ப்யூட்டர் அனிமேஷனைப் பார்த்துச் சொன்னது. இருந்தாலும் புதுசைப் பார்த்துப் பாராட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஃப்ளெக்ஸ் கடையிலும் இது வந்துவிட்டது. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பெண் குழந்தைக்குப் பெரிய கண், நெற்றியில் சுருண்ட முடி, லேசாகச் சாய்ந்த கழுத்து. மாருதி! 2023-ல் காலமான ஓவியர் மாருதியின் பெண்களை வாரப் பத்திரிகை படித்த எவரும் தூரத்திலேயே கண்டுபிடிப்பார்கள். 'யார் வரைஞ்சது தம்பி?' என்று கேட்டேன். 'யாரும் வரையல சார், அதுவே வரும்' என்றார். பேனரின் கீழ் மூலையில் கடையின் பெயரும் செல் நம்பரும் இருந்தன.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் அவர். சுவரில் கையால் எழுதிக்கொண்டிருந்தவர்களை ஃப்ளெக்ஸ் காலி செய்தது. இப்போது ஃப்ளெக்ஸ் டிசைனரின் முறை. யந்திரத்துக்கு ஓவியர்களின் படங்களைக் கேட்காமல் ஊட்டியது நகல் எடுப்பதா இல்லையா என்று பல நாடுகளில் வழக்கு நடத்துகிறார்கள். அது வக்கீல்கள் பாடு.

என் ஆட்சேபணை வேறு இடத்தில். சுப்பையா குருவைப் போல வரைய வருஷக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்த நேரத்தில் குருவுக்கு ஒரு சீடரும் சீடருக்கு ஒரு பிழைப்பும் கிடைத்தன. பெயரும் அழியவில்லை. இப்போது பாணி மட்டும் தனியே கழன்று வந்துவிட்டது. உட்காரும் இடத்தைக் காணோம். கும்பகோணத்தில் அந்தப் பள்ளி அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வருகிற பெண்ணிடம், 'திருவையாறு போய் ஒரு படத்தைப் பார்த்து வரைந்து வாம்மா, சம்பளம் தருகிறேன்' என்று சொல்ல இன்று எந்தப் பத்திரிகை தயார்?