கதையைக் கடந்த படம்

நாவலைப் படமாக்கினால் அப்படியே எடுக்க வேண்டும் என்பவர்கள் ‘உதிரிப்பூக்க’ளை ஒருமுறை பார்க்கலாம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்தாலும், 1979இல் வந்த இந்தப் படம் அந்தக் கதையை அப்படியே பின்தொடரவில்லை. நோயாளி மனைவி லட்சுமியை உயிரோடு முன்னிறுத்தி, கணவன் சுந்தரவடிவேலுவின் கொடுமையைப் படத்தின் மையமாக்கினார் இயக்குநர் மகேந்திரன். விஜயனின் நடிப்பில் அவன் குரலை உயர்த்துவதே அரிது. அமைதியாகப் பேசித்தான் காயப்படுத்துகிறான். அந்த அமைதியைப் பின்னணி இசையால் மூடிவிடாமல் விட்டுவைத்தார் இளையராஜா.

இவ்வளவு மாற்றிய பிறகு புதுமைப்பித்தன் பெயர் எதற்கு என்று கேட்கலாம். தாயை இழந்த இரண்டு குழந்தைகள் மீதான கரிசனம் கதையிலிருந்து வந்ததுதான்; படம் அதை ஒரு கணமும் கைவிடவில்லை. முடிவில் ஊரார் சூழ்ந்து நிற்க சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கும்போது, தண்டனை கிடைத்துவிட்டதென்று நாம் நிம்மதியடைய முடியாதபடி கரையில் குழந்தைகள் நிற்கிறார்கள். சம்பவங்களைப் பெயர்த்தெடுப்பதைவிட அந்தக் கரிசனத்தைக் காப்பாற்றுவதே மூலத்துக்குச் செய்யும் உண்மையான மரியாதை.