நந்தனாரும் நாற்பது வேலி நிலமும்

வழியெல்லாம் அடைபட்டுக் கையற்று நின்ற ஏழைக்குத் தெய்வம் துணை செய்ததாகக் கூறும் கதைகள் நம் இலக்கியத்தில் பல உள. அவற்றுள் உழைக்கும் மக்களின் உள்ளத்தைப் பெரிதும் உருக்கியவற்றுள் ஒன்று, கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய அந்நூல் காலக்ஷேப மேடைகளில் முழங்கியது. நந்தனார் கதை 1935-இலும் 1942-இலும் பேசும் படமாகவும் வந்தது. இவ்வளவு செல்வாக்குடைய நூலில் வரும் தெய்வத்துணை எத்தகையது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் நந்தனாரை அடக்கியாளும் ஆண்டை எவருமிலர். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர், பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துக் கோயிற்றொண்டு செய்கிறார். தில்லைக்குப் போகவொட்டாமல் அவரைத் தடுப்பது, தம் பிறப்பைக் குறித்து அவர் நெஞ்சிலேயே ஊன்றப்பட்ட அச்சமாகும்.

பாரதியாரோ வேதியர் ஒருவரைப் படைத்து, நந்தனாரை அவருடைய பண்ணையாளாக்கினார். தில்லை செல்ல விடை கேட்கும் நந்தனாரிடம், நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார் வேதியர். நாற்பது வேலியென்பது ஏறக்குறைய 266 ஏக்கர். தோட்டத்தில் நிரை பிடித்து வேலை செய்தோர்க்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. போகாதே என்று சொல்லாமலே போகவிடாமற் செய்யும் சூழ்ச்சி இது.

மூலத்தினின்றும் வழுவியதென்று இதனைக் குறை கூறுவோருமுளர். நாம் அதனைக் குறையாகக் கொள்ளோம். ஏழையின் தடை அவன் பிறப்பிலன்று, பிறர் கையிலிருக்கும் நிலத்திலும் அனுமதியிலுமே உள்ளது என்பதைப் பாரதியார் கண்டுகொண்டார். இந்நூலின் உண்மை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் கண்ட நோய்க்கு அவர் தந்த மருந்தென்ன? நந்தனார் அழுது முறையிடுகிறார். ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. வேதியர் திகைத்து அவர் காலில் விழுகிறார். ஆண்டை அடிமையின் காலில் விழும் காட்சியை அக்காலத்து மேடையிலே காட்டியது சிறு துணிவன்று. ஆயினும் நாம் கேட்கிறோம்: விளைந்த நெல் யார் களஞ்சியத்தைச் சேர்ந்தது? தெய்வம் தளையை அறுக்கவில்லை. ஆண்டை கேட்ட விலையைத் தானே செலுத்திற்று! சேரியில் எஞ்சிய பண்ணையாட்களின் விலையைச் செலுத்துவார் யார்? தில்லையிலும் நந்தனார் தீயில் மூழ்கி, முனிவர் உருக்கொண்டு எழுந்த பின்னரே உள்ளே செல்கிறார். வாயிலின் வழக்கம் மாறவில்லை, வந்தவரே மாற்றப்பட்டார்.

இதனினும் சிறந்த துணையொன்று அக்கதையிலேயே உண்டு. திருப்புன்கூரில் நந்தனார் கண்ணை மறைத்த நந்தி விலகிற்று. அங்கே அவர் வெளியிலேயே நின்றார் என்பது மெய். ஆயினும் மாறியது அவரன்று, தடையே.

தடையை விலக்கும் அத்தகைய துணையை மனிதரும் செய்யக் கூடுமென்பதை வரலாறு காட்டிற்று. 1936-இல் திருவிதாங்கூரிலும் 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலிலும் ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்றனர். அவர்களுள் எவரும் தீக்குளிக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர், கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளினின்றும் இறங்கும் வழக்கமும் ஒழியவேண்டுமென்று கேட்டனர். துப்பாக்கி அவர்களை அடக்கிற்று, உயிர்களும் போயின. எனினும் அவர்கள் நிபந்தனையை நிறைவேற்றத் துணை தேடவில்லை; நிபந்தனையே அநீதியென்றனர்.

கையற்ற வேளையில் தெய்வத்தை அழைப்பவனை நாம் இகழோம். வேறு துணையற்றவனின் அழுகை அது. பாரதியாரின் இசையைக் கேட்போர் நந்தனாரோடு சேர்ந்து அழுக. அழுத பின்னர், அந்த நாற்பது வேலியின் கணக்கையும் கேட்க.