கைப்பக்குவம் என்று சொல்லும்போது

'அம்மாவின் கைப்பக்குவம்' என்ற சொல் வந்துவிட்டால் உணவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் நெகிழ்ந்துவிடுகிறது. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நெகிழ்ச்சி யாருடைய நினைவு என்று நாம் கேட்டாக வேண்டும்.

கொங்கு வீட்டுச் சந்தகையை எடுத்துக்கொள்வோம். ஊரைவிட்டுப் போனவர்களின் நினைவில் அது தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாக இனிக்கிறது. ஆனால் அரிசியை ஊறவைத்து, ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இறங்காது. சாப்பிட்டவருக்கு ருசி நினைவிருக்கிறது. பிழிந்தவளுக்குச் சுட்ட விரலும் கடைசியில் தனக்கு மிஞ்சியதும் நினைவிருக்கின்றன. புத்தகமாவது பெரும்பாலும் முதல் நினைவுதான். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டர் பெண்களின் தோள்வலியைக் குறைத்தது. ஆனாலும் 'ஆட்டுக்கல் ருசி வராது' என்று ஏங்குகிறவர்களில் பலர் ஒருநாளும் ஆட்டாதவர்கள்.

கோவையில் பிறந்த அம்பை அந்த இரண்டாவது நினைவை எழுதினார். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' ராஜஸ்தானியக் கூட்டுக்குடும்பம் ஒன்றின் கதை. அங்கே மாமியாரின் அதிகாரம் சமையலறைக்குள்ளேயே தொடங்கி முடிகிறது. அடுப்படியை ஆள்கிறவளுக்கு அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை இல்லை. கைப்பக்குவத்தைப் புகழ்வதும் பெண்ணை மூலையில் இருத்துவதும் ஒரே செயலாகலாம் என்பதை இந்தக் கதை நமக்குக் காட்டுகிறது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' வேறு வழியில் போனது. இளம் வயதில் கணவரை இழந்த அவர், முன்பின் சமைத்திராதவரும் தனியாகச் செய்துபார்க்கும்படி அளவுகளோடு எழுதினார். கையின் ரகசியம் என்று சொல்லப்பட்டதை யாரும் கற்கக்கூடிய அறிவாக்கினார். ஆனால் அது பிராமணச் சமையலறையின் நூல். உழைக்கும் வீடுகளின் கறிக்குழம்புக்கு அதில் இடமில்லை.

கைப்பக்குவத்தில் சாதியும் இருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். எல்லாக் கைகளும் 'அம்மாவின் கை' ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கேக் இந்தச் சமையலறைகளுக்குப் பிந்தி வந்தது. ஓவன் இல்லாத வீடுகளில் பெண்கள் பிரஷர் குக்கரின் அடியில் மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அதில் கேக் செய்தார்கள். அதற்குப் பாட்டியின் கைப்பக்குவம் கிடையாது. பத்திரிகையிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ நோட்டில் எழுதிக்கொண்ட அளவுதான் துணை. அளவு பிசகினால் நடுவில் அமுங்கிவிடும். மாமியாருக்கும் தெரியாத ஒன்றை மருமகள் தானே கற்றுக்கொண்ட அபூர்வமான இடம் அது. அப்படிப்பட்ட நோட்டின் ஓரத்தில் 'முட்டைக்குப் பதில் தயிர்' என்று ஒரு திருத்தம் இருந்தால், அதில் அந்த வீட்டின் கட்டுப்பாட்டையும் படிக்கலாம், அதைத் தாண்டிப்போன அவள் சாமர்த்தியத்தையும் படிக்கலாம்.

இன்று அதே கேக்கை ஆர்டர் எடுத்து விற்கும் பெண்கள் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மைதா, வெண்ணெய், கேஸ் எல்லாம் விலையில் சேர்கின்றன. நின்ற நேரம் மட்டும் சேர்வதில்லை. "நம்ம புள்ளை பொறந்தநாளுக்குக் காசு கேப்பியா கண்ணு?" என்று சொந்தத்தில் கேட்கும்போது பழைய கைப்பக்குவம் புது வேடத்தில் வந்து நிற்கிறது. அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி தரவேண்டியதில்லை.

நினைவின் இனிப்பை மறுக்க வேண்டியதில்லை. சமைத்தவளின் நினைவையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டுகள் நம் வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் அவற்றை எடுத்து, எழுதியவள் உயிரோடிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் எழுத்தாகவே வாசிப்போம். எந்தக் குறிப்பை யாருக்காகத் திருத்தினாள் என்று அவளே சொல்லட்டும்.