சிரிப்பு வராத பிழை

ஆங்கில இலக்கண கைடுகளில் டேங்ளிங் மாடிஃபையர் பாடம் வந்தால் கூடவே ஒரு ஜோக்கும் வந்துவிடும். "வாக்கிங் டவுன் த ஸ்ட்ரீட், த ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்." தெருவில் நடந்தது யார்? வாக்கியப்படி பார்த்தால் மரங்கள்! சிரித்துவிட்டு, நடந்த ஆளை உள்ளே சேர்த்துத் திருத்துகிறோம். பாடம் முடிஞ்சுது.

எனக்கு இந்தப் பாடத்தின் மேல் ஒரு குறை உண்டு. இங்கே யாரும் ஏமாறுவதே இல்லை. மரம் நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஹாம்லெட் நாடகத்தில் ஆவி பேசும் ஓர் இடத்தில், இலக்கணப்படி தோட்டத்தில் தூங்கியது பாம்புதான். ஆனால் தூங்கியவர் ராஜா என்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அபத்தமான அர்த்தத்தை நம் மூளையே தள்ளிவிடும். இரண்டு அர்த்தமும் பொருந்தி வரும்போதுதான் சிக்கல். அந்த வகை வாக்கியம் கைடுகளில் அபூர்வம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்த லாக்ஹார்ட் வழக்கைப் பாருங்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்தவருக்கு முன்பே சில வகைப் பாலியல் குற்றங்களில் தண்டனை ஆகியிருந்தால், குறைந்தது 10 ஆண்டு சிறை என்கிறது சட்டம். அது மூன்று குற்றங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "சிறார் சம்பந்தப்பட்ட" என்ற பொருளில் ஒரு தொடரை ஒட்டுகிறது. அந்தத் தொடர் மூன்றுக்குமா, கடைசிக் குற்றத்துக்கு மட்டுமா? லாக்ஹார்ட்டின் பழைய குற்றம் வயதுவந்த பெண் ஒருவருக்கு எதிரானது. மூன்றுக்கும் என்றால் 10 ஆண்டுக் கட்டாயம் அவருக்குக் கிடையாது.

கடைசிக்கு மட்டும்தான் என்று 6–2 கணக்கில் முடிவானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சோட்டோமேயர். மாறுபட்ட நீதிபதி கேகன் ஸ்டார் வார்ஸ் படத்தை உதாரணம் காட்டினார்: புதுப் படத்தில் வேலை செய்த நடிகரையோ இயக்குநரையோ தயாரிப்பாளரையோ சந்திக்க ஒருத்தி ஆசைப்பட்டால், மூன்று பேருமே அந்தப் படத்து ஆட்கள் என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

இத்தனைக்கும் அந்தத் தொடர், கைடு சொல்கிற மாதிரியே, ஒரு பெயர்ச்சொல்லின் பக்கத்தில்தான் இருந்தது. "பக்கத்தில் வை" என்ற விதி இங்கே கைகொடுக்கவில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் தொங்கும் இப்படிப்பட்ட தொடர், தமிழில் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் போக வேண்டும். நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தத் தொடரை வரிசையின் தொடக்கத்தில் வைப்பதா, கடைசிப் பெயருக்கு முன்னால் வைப்பதா என்று கை தயங்கினால், ஆங்கிலத்தில் படிப்பவரும் அதே இடத்தில்தான் தயங்குவார். அப்போது தொடரை நகர்த்திப் பிரயோஜனம் இல்லை. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள், அல்லது ஒவ்வொரு பெயரோடும் அதைத் திரும்பச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளும், பரவாயில்லை.