இடப்பக்கத்துக் கேள்விகள்

வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். நாவலாசிரியர்களும் பெரும்பாலும் அப்படித்தான். புத்தகம் வந்த பிறகு, அதற்காகப் போட்ட குறிப்புகள் குப்பைக்குப் போய்விடும். சார்லஸ் டிக்கன்ஸ் தம் சாரத்தைப் பிரிக்கவில்லை. முதிர்ந்த காலத்து நாவல்களுக்கு அவர் எழுதிய திட்டத் தாள்கள் கையெழுத்துப் படிகளோடு சேர்ந்தே தப்பிப் பிழைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று லண்டனில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் விட்டுச்சென்ற தொகுப்பில் இருக்கின்றன. 1987இல் ஹாரி ஸ்டோன் அவற்றை அச்சு அசல் நகல்களாகப் பதிப்பித்தார். எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் தம் நாட்களை எப்படிப் பங்கிட்டார் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் ஆவணம் வேறொன்றை நான் கண்டதில்லை.

தாளின் அமைப்பு மிக எளியது. படுக்கை வாட்டில் வைத்த ஒரு தாள், நடுவில் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கத்தில் நாவலின் பெயர், எத்தனையாவது மாத இதழ், அத்தியாய எண்கள், தலைப்புகள், அவற்றில் நடக்கவேண்டியவை. இடப்பக்கத்தில் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள். இந்த மாதம் இவர் வரவேண்டுமா? அந்த ரகசியத்தைத் தொடலாமா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கமான பதில்: ஆம், இல்லை, இப்போது வேண்டாம், அடுத்த முறை.

வலப்பக்கம் அச்சகத்துக்குக் கொடுத்த வாக்கு. டிக்கன்ஸின் மாத இதழ் என்பது 32 பக்கம், இரண்டு படங்கள், விலை ஒரு ஷில்லிங். ஒரு நாவலுக்கு 20 இதழ்கள்; கடைசி இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால் 19 மாதங்கள். மாதம் முடியும் நாளில் அடுத்த மாத இதழ் கடைக்கு வந்தாக வேண்டும். ஓவியர் ஹாப்லட் பிரவுன் எஃகுத் தகட்டில் படத்தைச் செதுக்க நாள் வேண்டும். ஆகவே பல சமயம் காட்சியை எழுதுவதற்கு முன்பே, எந்தக் காட்சி என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்களோடு வளர்ந்த நமக்கு, 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தாள் அவருக்குத் தொடக்கத்திலேயே கைவந்ததல்ல. 1836 நவம்பரில் மார்னிங் கிரானிக்கிள் பத்திரிகை வேலையை விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனபோது அவருக்கு வயது 24. பிக்விக் பேப்பர்ஸ் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. 1837 ஜனவரியில் பென்ட்லீஸ் மிஸலனி என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியரானார். பிப்ரவரியில் அதில் ஆலிவர் ட்விஸ்ட் தொடங்கியது. சிரிப்பும் கும்மாளமுமான ஒரு நாவல், பசியும் திருட்டும் நிறைந்த இன்னொரு நாவல். பிக்விக் நவம்பரில் முடியும்வரை இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன. ஆலிவர் முடிவதற்குள், 1838 ஏப்ரலில், நிக்கோலஸ் நிக்கில்பி தொடங்கிவிட்டது.

இளமையும் அசுர வேகமும் அவரைத் தாங்கின. ஆனாலும் விலை கொடுக்க நேர்ந்தது. 1837 மே மாதம் அவருடைய மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் 17 வயதில் திடீரென்று இறந்தாள். டிக்கன்ஸ் உடைந்துபோனார். அந்த ஜூன் மாதம் பிக்விக்கும் வரவில்லை, ஆலிவரும் வரவில்லை. 1836இல் ஒப்பந்தம் போட்ட இன்னொரு நாவல், பார்னபி ரட்ஜ், 1841இல்தான் வெளிவந்தது. ஒரு நாளில் கொடுத்த வாக்கு ஐந்து வருடம் தலைமேல் தொங்கியது.

1846இல் தொடங்கிய டாம்பி அண்ட் சன் நாவலிலிருந்துதான் இதழுக்கு ஒரு தாள் என்ற ஒழுங்கு நிலைபெறுகிறது. அப்போதும் எல்லாம் அளவாக அமைந்துவிடவில்லை. முதல் இதழில் ஆறு பக்கம் கூடிப்போனது, வெட்ட வேண்டியிருந்தது. பின்னால் ஓர் இதழில் இரண்டு பக்கம் குறைந்துபோக, அதை எழுதிக்கொடுக்கப் பாரிஸிலிருந்து லண்டனுக்கு ஓடிவந்தார். ஆனால் கதையின் உயிர்நிலை திட்டப்படியே நின்றது. சிறுவன் பால் டாம்பி ஐந்தாம் இதழின் முடிவில் இறக்கிறான். அதை எழுதி முடித்த இரவு டிக்கன்ஸ் கனத்த நெஞ்சோடு பாரிஸ் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தார். நாள் குறித்து வைத்த சாவுதான். அதனால் துயரம் குறைந்துவிடவில்லை. திட்டமிட்டால் உணர்ச்சி வற்றிவிடும் என்பவர்களுக்கு அந்த நடையே பதில்.

அவருடைய திறமை உச்சத்தில் தெரிவது 1852-53இல். ப்ளீக் ஹவுஸ் மாத நாவல். 1850 மார்ச்சில் அவரே தொடங்கிய ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் வாரப் பத்திரிகை. அதில் குழந்தைகளுக்கான இங்கிலாந்து வரலாற்றுத் தொடர் வேறு. மூன்றையும் அவர் ஒரே வகை வேலையாக நினைக்கவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை அறைக்குள் தனிமை, அது நாவலுக்கு. பிறகு மைல்கணக்கில் நடை. பத்திரிகையைத் துணையாசிரியர் வில்ஸோடு பகிர்ந்துகொண்டார். வரலாற்றின் பெரும்பகுதியை மைத்துனி ஜார்ஜினாவிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். ஒரு வேலைக்குத் தனிமை, ஒன்றுக்குத் துணை, ஒன்றுக்கு வாய்ப்பேச்சு. ஒன்றில் களைத்த உறுப்பு இன்னொன்றில் ஓய்வெடுத்தது.

அந்த நாவலின் பதினைந்தாம் இதழுக்கான தாளில், தெருப் பெருக்கும் அநாதைச் சிறுவன் ஜோவின் பெயர் கேள்விக்குறியோடு நிற்கிறது. பக்கத்தில் ஆம் என்ற விடையும், அவனைக் கொன்றுவிடும்படி தமக்கே இட்ட கட்டளையும். ஓரிரு சொற்கள்தான். அவற்றிலிருந்து எழுந்த அத்தியாயத்தைப் படித்துக் கண்கலங்காதவர் அரிது.

லிட்டில் டாரிட் நாவல் முடிவை நெருங்கியபோது இன்னொன்று செய்தார். இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது என்று ஒரு தொகுப்பு, இனி என்னென்ன முடிச்சு அவிழவேண்டும் என்று மற்றொன்று. ஆண்டிறுதியில் மளிகைக்கடைக்காரர் இருப்பெடுப்பதுபோல, தாம் கட்டிய கதையைத் தாமே எண்ணிப் பார்க்கிறார். நீண்ட தொடரில் எழுத்தாளர் மறந்ததை வாசகர் மறக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

இதே காலத்து அந்தோணி டிரலோப்பின் ஒழுங்கும் புகழ்பெற்றதே. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதியவர். எழுதிய பக்கங்களை நாளேட்டில் தேதிவாரியாகப் பதிந்தவர். தபால்துறை வேலையில் இருந்துகொண்டே அவர் அத்தனை நாவல்களை எழுதியது அந்தக் கணக்கினால்தான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாளேடு எவ்வளவு எழுதினோம் என்பதைச் சொல்கிறது. டிக்கன்ஸின் தாளோ எதை இன்னும் எழுதக்கூடாது என்பதைச் சொல்கிறது.

நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது அந்த இடப்பக்கத்தைத்தான். 'இப்போது வேண்டாம்' என்ற பதிலில் எத்தனை பொறுமை! கையில் நல்ல காட்சி இருக்கிறது, மாதக் கெடு நெருங்குகிறது, பக்கமும் நிரம்பவேண்டும். எடுத்துப் போட்டுவிட்டால் வேலை முடியும். அவர் அதை எடுக்காமல் வைக்கிறார், அதற்குரிய மாதம் வரும்வரை. சமையலில் கைதேர்ந்தவர் தாளிப்பைக் கடைசிவரை நிறுத்தி வைப்பதுபோல. அடுத்த மாதத்துக்கு என்று தாளில் எழுதிவைத்த பிறகு அது மனத்தை அரிப்பதில்லை. இன்றைய அத்தியாயத்துக்கு முழு மனமும் கிடைக்கிறது.

ஒரே சமயத்தில் பல வேலைகளை எடுத்துக்கொண்டு திணறும் எழுத்தாள நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தாளை எடுத்து நடுவில் மடியுங்கள். தேதிகளையும் அத்தியாயங்களையும் வலப்பக்கத்தில் எழுதுவது எல்லாருக்கும் தெரியும். இடப்பக்கத்தில் கேள்விகளை எழுதுங்கள். அவற்றில் சிலவற்றுக்காவது, 'இப்போது வேண்டாம்' என்று உங்கள் கையால் பதில் எழுதுங்கள்.